இஷ்யூ பட்டியல் கைமீறிப் போகிறது: பக் எது, வசதிக் கோரிக்கை எது என்று எப்படிப் பிரிக்கிறீர்கள்?

அரைப்புள்ளி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. படங்களையும் வீடியோக்களையும் எடுத்த தேதிப்படி கோப்புறைகளாகப் பிரித்து வைக்கும் ஒரு சின்ன கட்டற்ற மென்பொருளைப் பராமரிக்கிறேன். நிரலைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் இருக்கிறது. நான் எழுதியது, நேரம் கிடைக்கும்போது கைகொடுப்பவர்கள் இரண்டு பேர். பயனர்கள் கூடக்கூட, அவர்கள் அங்கே எழுதிப் போடும் இஷ்யூக்களின் பட்டியல் குழம்பிப் போய்விட்டது. உண்மையான பக் (நிரல் பிழை), 'இந்த வசதி வேண்டும்' என்ற கோரிக்கை, 'எப்படி நிறுவுவது' என்ற கேள்வி எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கின்றன. பக்கத்தைத் திறந்தாலே மலைப்பாக இருக்கிறது.

பாதிப் பேர் 'வேலை செய்யவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எந்தப் பதிப்பு என்று கேட்டால் பதில் வருவதில்லை. இன்னொரு பக்கம், பக் என்று வந்ததை வசதிக் கோரிக்கை என்று லேபிள் மாற்றினால் சண்டைக்கு வருகிறார்கள். பழையவற்றை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

டெர்மினல்வாசி:

நெடுநாள் அசையாத இஷ்யூவைத் தானாக மூடும் ஸ்டேல் பாட் போடுங்கள், வேலை முடிந்தது. 60 நாள் அசைவில்லை என்றால் லேபிள் ஒட்டும், அதற்குப் பிறகும் 7 நாள் சத்தமில்லை என்றால் மூடிவிடும். இயல்பு அமைப்பே அதுதான். பட்டியல் தானாகச் சுருங்கும்.

நள்ளிரவு_கமிட்:

எல்லா இஷ்யூவுக்கும் அதைப் போடாதீர்கள். பாட்டுக்குத் தெரிந்தது மௌனம் மட்டும்தான். பக் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. பெரும்பாலும் மௌனமாக இருந்தது யார்? நாம்தான். ஒருவர் உட்கார்ந்து படிப்படியாக எழுதி, லாக் கோப்பையும் இணைத்து அனுப்புகிறார். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு இயந்திரம் வந்து 'அசைவில்லை, மூடுகிறேன்' என்கிறது. அவர் மறுபடி எழுதுவாரா? அதோடு, கிட்ஹப் பட்டியல் முதலில் காட்டுவது திறந்திருப்பவற்றை மட்டும்தான். மூடியது கண்ணில் படாததால் அதே பக்கை அடுத்தவர் புதிதாகத் திறப்பார்.

அது உதவுகிற இடம் ஒன்று உண்டு. நீங்கள் விவரம் கேட்டு, அவர் தராமல் விட்டவை. 'தகவல் தேவை' என்று ஒரு லேபிள் வைத்து, பாட்டை அந்த லேபிளுக்கு மட்டும் கட்டுங்கள். அதற்கான அமைப்பு அதிலேயே இருக்கிறது. டெபியன் லினக்ஸின் 'மோர்இன்ஃபோ', பக்குகளைப் பதியும் மென்பொருளான பக்ஸில்லாவின் 'நீட்இன்ஃபோ' எல்லாம் இதே ஏற்பாடுதான்.

டெர்மினல்வாசி:

சரி, அந்த லேபிளுக்கு மட்டும் என்றால் எனக்கும் சம்மதம். ஆனால் பதில் சொல்ல ஆளே இல்லாத திட்டத்தில் எல்லாவற்றையும் திறந்தே வைத்திருப்பதும் ஒருவகைப் பொய்தான் என்பேன்.

பழைய_பேட்ச்:

அரைப்புள்ளி, பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. சண்டை வந்த இஷ்யூ ஒன்றை அப்படியே இங்கே போடுங்களேன்.

அரைப்புள்ளி:

இதோ. தலைப்பு: 'தேதி தப்பு!!!' உள்ளே இருந்தது இவ்வளவுதான்: 'வீடியோ எல்லாம் முந்தின நாள் ஃபோல்டருக்குப் போகுது. போட்டோ சரியா இருக்கு. சீக்கிரம் சரி பண்ணுங்க.' அதற்குக் கீழே வரிசையாக 'எனக்கும்', 'எனக்கும்'.

நோண்டிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. எம்பி4 வீடியோக் கோப்பின் தலைப்பகுதியில் நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) பதிவாகிறது. படத்துக்குள் கேமரா எழுதிவைக்கும் எக்ஸிஃப் தகவலில் இருப்பது கேமராக் கடிகாரத்தின் உள்ளூர் நேரம். நாங்கள் இரண்டையும் உள்ளது உள்ளபடி படிக்கிறோம். அதனால் யுடிசிக்குக் கிழக்கே இருப்பவர் விடியற்காலையில் எடுத்த வீடியோ முந்தின நாளுக்குப் போய்விடுகிறது. மேற்கே இருப்பவர் ராத்திரி எடுத்தது மறுநாளுக்குப் போகிறது. 'கோப்பில் பதிவான தேதியை அப்படியே எடுத்துக்கொள்ளும்' என்று ஆவணத்தில் எழுதியே வைத்திருக்கிறோம். அதைக் காட்டி வசதிக் கோரிக்கை என்று மாற்றினேன். பிடித்துக்கொண்டார்கள்.

பழைய_பேட்ச்:

நல்ல உதாரணம். ஆவணத்தின் நடுவில் எங்கோ இருக்கும் அந்த வாக்கியத்தைப் பயனர் படித்திருக்க மாட்டார். அறிமுகக் கோப்பான ரீட்மீயின் முதல் வரி என்ன? நீங்கள் இங்கே எழுதியதை வைத்துப் பார்த்தால் 'எடுத்த தேதிப்படி பிரிக்கும்' என்றுதான் இருக்கும். அதை நம்பித்தான் அவர் நிறுவினார். ஐந்தாம் தேதி எடுத்த வீடியோ நான்காம் தேதிக்குள் போய் உட்கார்ந்தால், சொன்னதை மென்பொருள் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். ஆகவே இது பக். நிரல் நீங்கள் நினைத்தபடியே ஓடுகிறது என்பது வேறு விஷயம்.

அதே இழையில் யாராவது 'வெளிநாடு போய் வந்தேன், ஒவ்வொரு கோப்புறைக்கும் நேர மண்டலம் தேர்ந்தெடுக்க வழி வேண்டும்' என்று கேட்டிருப்பார்கள், பாருங்கள். அது வசதிக் கோரிக்கை. இரண்டும் ஒரே இஷ்யூவில் இருக்கும்வரை உங்களால் அதை மூடவே முடியாது. பிரித்துவிடுங்கள். யுடிசியைக் கணினியின் நேரத்துக்கு மாற்றிப் படிப்பது ஒன்று, மண்டலத்தைத் தேர்வு செய்வது இன்னொன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுங்கள். முதலாவதை அடுத்த வெளியீட்டிலேயே தீர்த்துவிடலாம். இரண்டாவது காத்திருக்கட்டும், 2016இல் வந்த எக்ஸிஃப் 2.31இல் நேர வித்தியாசத்தைப் பதியத் தனிப் புலங்கள் சேர்ந்தன, அதை எடுத்துச் செய்ய ஆர்வமுள்ளவர் எவராவது கிடைக்கலாம்.

தலைப்பையும் மாற்றுங்கள், பராமரிப்பவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் 'எம்பி4 யுடிசி கையாளல்' என்று வைக்காதீர்கள். அடுத்து வருபவர் தேடப்போவது அறிகுறியை, காரணத்தை அல்ல. 'வீடியோக்கள் முந்தின நாள் அல்லது மறுநாள் கோப்புறைக்குப் போகின்றன' என்று வையுங்கள். காரணத்தை உள்ளே எழுதிக்கொள்ளலாம்.

நள்ளிரவு_கமிட்:

கூடவே ஒன்று. சில கேமராக்கள் யுடிசி இருக்க வேண்டிய இடத்தில் உள்ளூர் நேரத்தையே எழுதி வைத்துவிடும். அப்படியே மாற்றிப் படித்தால் இதுவரை சரியாக இருந்தவர்களுக்குத் தப்பாகிவிடும். 'எந்தக் கருவியில் எடுத்தது' என்ற கேள்வி உங்கள் இஷ்யூ டெம்ப்ளேட்டில் (எழுதுபவர் நிரப்பும் மாதிரியில்) இருக்கிறதா?

அரைப்புள்ளி:

டெம்ப்ளேட்டே இல்லை. அதை எப்படி வைப்பது? நிறையக் கேட்டால் ஓடிவிடுவார்களோ என்று பயம்.

நள்ளிரவு_கமிட்:

நிறையக் கேட்டால் ஓடமாட்டார்கள், ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு புள்ளி வைத்து அனுப்பிவிடுவார்கள். பதிப்பு, இயங்குதளம், எடுத்த கருவி, என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது. உங்கள் மென்பொருளுக்கு இது போதும். கிட்ஹப்பில் இதை யாமல் என்ற அமைப்புக் கோப்பாக எழுதினால் படிவமாகவே காட்டும், எவை கட்டாயம் என்றும் குறிக்கலாம். வசதிக் கோரிக்கைக்குத் தனிப் படிவம் வையுங்கள். அதில் 'என்ன பட்டன் வேண்டும்' என்று கேட்காமல் 'என்ன வேலையை முடிக்கப் பார்க்கிறீர்கள்' என்று கேளுங்கள். ஒருவர் 'நகல் நீக்கும் பட்டன்' கேட்பார். விசாரித்தால் அதே படத்தை இரண்டு முறை இறக்கியிருப்பார், ஏற்கெனவே இருப்பதைத் தவிர்த்தாலே அவருக்குப் போதும்.

வெற்று இஷ்யூ திறக்கும் வழியை அடைத்துவிட்டு, நிறுவல் சந்தேகங்களை டிஸ்கஷன்ஸ் என்ற உரையாடல் பகுதிக்கு அனுப்புங்கள். தவறி இஷ்யூவில் வந்தாலும் ஒரு கிளிக்கில் அங்கே மாற்றிவிடலாம்.

பழைய_பேட்ச்:

அந்த 'எனக்கும்' வரிசைக்கு ஒரு பழைய கதை உண்டு. 2016 ஜனவரியில் ஏராளமான திட்டப் பராமரிப்பாளர்கள் சேர்ந்து கிட்ஹப்புக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். முறையீடுகளில் முக்கியமானவை இவைதான்: விவரமில்லாத அறிக்கைகள், வெறும் 'பிளஸ் ஒன்' (அதாவது 'எனக்கும்') பின்னூட்டங்கள். அடுத்த மாதமே டெம்ப்ளேட் வந்தது, மார்ச்சில் கட்டைவிரல் குறிகள் வந்தன. கட்டைவிரல் எண்ணிக்கைப்படி பட்டியலை வரிசைப்படுத்தவும் முடியும். 'முதல் பதிவில் கட்டைவிரல் வையுங்கள், புதிய விவரம் இருந்தால் மட்டும் எழுதுங்கள்' என்று அந்த இழையில் ஒரு வரி போடுங்கள்.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பக்ஸில்லாவில் தீவிரமும் முன்னுரிமையும் தனித்தனிப் புலங்கள், அது சும்மா இல்லை. ஒரே பெயருள்ள இரண்டு படங்களில் ஒன்றை உங்கள் நிரல் அழித்து எழுதினால், ஒரே ஒருவர் சொல்லியிருந்தாலும் அதுதான் முதல் வேலை. டார்க் தீமுக்கு எத்தனை கட்டைவிரல் விழுந்தாலும் அது பின்னால்தான். டெபியனில் தீவிரப் படிகள் 'கிரிட்டிக்கல்' தொடங்கி 'விஷ்லிஸ்ட்' வரை ஒரே ஏணியில் இருக்கின்றன. வசதிக் கோரிக்கைக்கு இடம் கடைசிப் படி.

செய்யப்போவதில்லை என்று தெரிந்தால் சொல்லிவிட்டு மூடுங்கள். 'பார்க்கலாம்' என்று இழுத்தடிப்பதுதான் ஆட்களைக் கோபப்படுத்தும். 'நல்ல யோசனை, ஆனால் இதைப் பராமரிக்க எங்களிடம் ஆளில்லை' என்பது கண்ணியமான பதில். இணையத்தில் தரவு பரிமாற உதவும் கர்ல் என்ற மென்பொருள் திட்டத்தில் செய்ய விரும்புபவற்றுக்கு ஒரு ஆவணம், தெரிந்த பக்குகளுக்கு ஒரு ஆவணம் என்று நிரலோடே வைத்திருக்கிறார்கள். யாராவது கையில் எடுக்க நினைத்தால் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

டெர்மினல்வாசி:

பாதுகாப்புப் பக்குகளை மறந்துவிட்டீர்களே. அவை பொது இஷ்யூவில் வரக்கூடாது. அவற்றை எப்படித் தெரிவிப்பது என்று சொல்லும் செக்யூரிட்டி கோப்பு ஒன்று வைத்து, தனிப்பட்ட முறையில் தெரிவிக்கும் வசதியை ரெப்போ (நிரல் களஞ்சிய) அமைப்பில் இயக்கிவிடுங்கள்.

அரைப்புள்ளி:

எல்லோருக்கும் நன்றி. தேதி இஷ்யூவை இப்போதே இரண்டாகப் பிரித்துவிட்டேன். பக் லேபிள் திரும்பியதும் சண்டை போட்டவரே ஒரு மாதிரி வீடியோவை இணைத்திருக்கிறார். படிவங்களை இந்த வாரம் எழுதிவிடுவேன். கடைசியாக ஒன்று: பழைய இஷ்யூக்களை ஒரே மூச்சில் உட்கார்ந்து மூடிவிடலாமா?

நள்ளிரவு_கமிட்:

ஒரே மூச்சில் வேண்டாம். ஒவ்வொரு மூடலுக்கும் அந்த இழையில் இருக்கும் அத்தனை பேருக்கும் மின்னஞ்சல் போகும். ஒருவரே பத்து இஷ்யூ திறந்திருந்தால் பத்தும் ஒன்றாக வந்து விழும், அப்புறம் அதற்கு வேறு பதில் சொல்ல வேண்டும். அழித்து எழுதுவது, தொலைந்து போவது போன்றவற்றை முதலில் தேடி எடுத்துத் தனியே வையுங்கள். மற்றவற்றைப் புதிய பதிப்பில் ஓட்டிப் பாருங்கள். தீர்ந்திருந்தால் எந்தப் பதிப்பில் தீர்ந்தது என்று எழுதி மூடுங்கள். செய்யாதவற்றுக்கு 'நாட் பிளான்ட்' (செய்யும் திட்டமில்லை) என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள், முடிந்த வேலையோடு அது கலக்காது. ஒரே விஷயம் பல இடத்தில் இருந்தால், எதில் நல்ல விவரம் இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை மூடுங்கள். பழையது என்பதற்காக முதலில் வந்ததையே வைத்திருக்க வேண்டியதில்லை.