வெறும் டிவிடி இப்போது எதை நம்பி வாங்குவது? வீட்டில் 43இல் 9 திறக்கவில்லை

கடலோரம்_06:

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வருகிறது என்று போன கிழமை அலுமாரிக்கு மேலே கிடந்ததை எல்லாம் இறக்கினேன். ஒரு பிஸ்கட் டின், ஒரு சொப்பிங் பேக், இரண்டிலும் முழுக்கச் சீடியும் டிவிடியும். அக்காவின் சாமத்திய வீடு, சித்தப்பாவின் கலியாணம், 2004இல் ஏ9 வீதி திறந்திருந்த காலத்தில் யாழ்ப்பாணம் போய் எடுத்த படங்கள், பிறகு அம்மம்மா தேவாரம் பாடியதை மாமா பதிந்து கொடுத்த ஒரு சீடி. எண்ணினால் 43. லப்டொப்பில் ட்ரைவ் இல்லை, வெளியே பூட்டுகிற யூஎஸ்பி ட்ரைவ் ஒன்று வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டேன். 34 திறந்தது, 9 திறக்கவில்லை. சிலது கிர் கிர் என்று சுற்றிவிட்டு அடங்கிவிடுகிறது, இரண்டை எழுதாத வெறும் தட்டு என்று காட்டுகிறது, ஒன்று உள்ளே போனதும் ட்ரைவே மேசையில் நடுங்குகிறது.

திறந்ததையாவது புதுசில் எழுதி வைப்போம் என்று புறக்கோட்டையில் பத்துத் தட்டுப் பெட்டி ஒன்று வாங்கினேன். அதில் 3 எழுதும்போது பாதியில் நின்றுவிட்டது. கொண்டுபோய்க் காட்டினால் "உங்கள் ட்ரைவ் பிழை" என்று அனுப்பிவிட்டார்கள். பெட்டியில் பெரிய பெயர்தான் போட்டிருந்தது.

இப்போது எந்த வகை வாங்கினால் நம்பலாம், எத்தனை வருடம் இருக்கும், மெதுவாக எழுதினால் நல்லது என்கிறார்களே அது உண்மையா? கொழும்பில் இதைச் செய்து பழகியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நெட்மச்சான்:

இந்தக் காலத்தில் யாரப்பா டிவிடி எழுதுகிறது? 64 ஜிபி பென் ட்ரைவ் ஒன்றில் எல்லாத்தையும் போட்டுவிட்டு நிம்மதியாக இரு.

கடலோரம்_06:

அது எனக்குச் சரி, அம்மாவுக்குச் சரிவராது. டிவிடி பிளேயரில் தட்டைத் தள்ளி பிளே அமத்துவது அவருக்குக் கைவந்த விஷயம். போன மாதம் டிவியில் பென் ட்ரைவ் குத்திக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனேன், இன்புட் மாறிவிட்டது என்று மத்தியானத்துக்குள் நாலு கோல். கனடாவில் பெரியம்மாவும் ஒரு செட் கேட்கிறா, அவவும் இதே கட்சி.

கொட்டாஞ்சேனை_எடிட்டர்:

தம்பி, முதலில் நான் ஒரு பாவமன்னிப்புக் கேட்க வேண்டும். 2003 தொடக்கம் 2011 வரை கலியாண வீடியோ எடிட்டிங்தான் என் சோறு, உங்கள் டின்னில் இருக்கிற மாதிரித் தட்டுகள் ஆயிரக்கணக்கில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். நூறு தட்டுக் கோபுரமாக வரும், எது மலிவோ அதைத்தான் வாங்குவோம், மாப்பிள்ளை பொம்பிளை படத்தை வட்டமாக வெட்டி மேலே ஒட்டிவிட்டால் வீட்டுக்காரருக்குச் சந்தோசம், அடியில் என்ன தட்டு என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த ஸ்டிக்கர்தான் இன்றைக்கு உங்களுக்கு வினை. கொழும்பு ஈரத்துக்குத் தாள் ஒரு பக்கம் ஊதும், ஒரு பக்கம் சுருங்கும், தட்டின் பாரம் ஒருபக்கம் சாயும். நடுங்குகிற தட்டு கட்டாயம் ஸ்டிக்கர் ஒட்டினதாக இருக்கும். தயவுசெய்து அதை உரிக்க வேண்டாம்.

இனி வாங்கிற கதை. பெட்டியில் இருக்கிற பெயர் விற்கிறவனின் பெயர், தட்டைச் செய்தவன் வேறு ஆளாக இருக்கலாம். ஒரே பெயரில், ஒரே நிறப் பெட்டியில், இந்த மாதம் ஒரு பக்டரி அடுத்த மாதம் இன்னொரு பக்டரி. உண்மையான ஆளைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது: இம்ஜ்பேர்ன் என்ற இலவச மென்பொருளில் வெறும் தட்டைப் போட்டால் வலது பக்கத்தில் டிஸ்க் ஐடி என்று ஒரு குறியீடு வரும். எம்சிசி என்று தொடங்கினால் மிட்சுபிஷி கெமிக்கல், அந்தக் காலத்து வெர்பாட்டிம். டிவைஜி என்றால் ஜப்பானின் தாயோ யூடென், நாங்கள் மாஸ்டர் கொப்பிக்கு மட்டும் ஒளித்து வைத்துப் பாவித்த தட்டு. சிஎம்சி, ரிடெக் என்றால் தாய்வான். தாயோ யூடென் 2015இல் இந்தத் தொழிலையே விட்டுவிட்டது, வெர்பாட்டிமை 2019இல் மிட்சுபிஷி அந்தச் சிஎம்சிக்கே விற்றுவிட்டது, ஆகவே இப்போது கடையில் தெரிவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நான் இப்போதும் வாங்கிறது ஆஸோ என்று பெட்டியில் போட்டிருக்கிற வெர்பாட்டிம். கம்ப்யூட்டர் கடைகள் இருக்கிற யூனிட்டி பிளாசா பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள், ஆனால் ஒரு பெட்டி வாங்கி ஐடி பார்த்து இரண்டு எழுதிப் பார்த்த பிறகுதான் அடுத்த பெட்டி. நல்ல பக்டரியின் குறியீட்டைக் களவாகப் போட்டு வந்த தட்டுகளும் ஒரு காலத்தில் இருந்தன, அதையும் மனதில் வையுங்கள்.

வேகம்: ஆகலும் மெதுவாக எழுதினால் நல்லது என்பது பழைய சீடி காலத்துக் கதை. 16எக்ஸ், அதாவது 16 மடங்கு வேகம் வரை எழுதலாம் என்று போட்டிருக்கிற டிவிடியை நான் 8எக்ஸில்தான் எழுதுவேன். 16இல் ஓரத்துக்குப் போகப் போகப் பிழை கூடும், 2 அல்லது 4இல் எழுதினாலும் சில ட்ரைவில் மோசமாகத்தான் வரும், தட்டு அந்த வேகத்துக்குச் செய்யப்படவில்லை. எழுதி முடிந்ததும் "வெரிஃபை" கட்டாயம், எழுதினது சரியாக வாசிக்கிறதா என்று மென்பொருளே திரும்ப வாசித்துப் பார்க்கும். நாங்கள் அந்தக் காலத்தில் அதைச் செய்ததில்லை, நேரம் இரட்டிப்பாகும் என்று.

வெறுமையாகக் காட்டுகிற இரண்டும் சின்னத் தட்டா? உள்ளங்கை அளவு?

கடலோரம்_06:

ஓம் அண்ணா, சின்னதுதான்! எப்படித் தெரியும்? ஸ்டிக்கரைப் பற்றி நீங்கள் சொல்வதற்கு முதல் நாளே ஒரு பிழை விட்டுவிட்டேன். நடுங்குகிற தட்டு ஒரு சீடி, யாழ்ப்பாணப் படங்கள். ஸ்டிக்கர்தான் காரணம் என்று நானும் யோசித்து, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி மெதுவாக உரித்தேன். தாளோடு வெள்ளியும் சேர்ந்து வந்துவிட்டது. ஒரு கையில் பின்பக்கம் மினுங்குகிற தாள், மற்றக் கையில் யன்னல் கண்ணாடி மாதிரி வெறும் பிளாஸ்டிக், அதுக்குள்ளால் எதிர்வீட்டுக் கொடியில் காய்கிற உடுப்புத் தெரிகிறது. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நூலகப்பூனை:

அந்தச் சீடி போனது போனதுதான், மன்னியுங்கள். வேலையில் இறுவட்டுகளோடு மாரடிக்கிறவள் என்பதால் காரணத்தைச் சொல்கிறேன். சீடியில் பிளாஸ்டிக் முழுவதும் அடியில்தான் இருக்கிறது. எழுதுவது பதிகிற சாயமும் வெள்ளிப் படலமும் மேலே, அதாவது நாம் பெயர் எழுதுகிற பக்கத்தில், மெல்லிய லாக்கர் பூச்சுக்குக் கீழே. நாம் அடிப்பக்கத்தை முகம் மாதிரிப் பார்த்துக்கொண்டு மேல்பக்கத்தில் குமிழ்முனைப் பேனையால் அழுத்தி எழுதுகிறோம். அடியில் கீறினால் துடைத்தோ பாலிஷ் பண்ணியோ ஓரளவு பார்க்கலாம், மேலே கீறினால் விஷயமே போய்விடும். டிவிடி அப்படி அல்ல, 0.6 மில்லிமீட்டர்த் தகடு இரண்டுக்கு நடுவில் படலம் சாண்ட்விச் மாதிரி இருக்கும். அதனால் டிவிடியில் மேல்கீறல் பெரிய ஆபத்தில்லை, ஆனால் வளைத்து எடுத்தால் இரண்டு தகடும் ஒட்டு விடத் தொடங்கும். பெட்டியின் நடுக் குமிழை அமத்திவிட்டுத்தான் தூக்க வேண்டும்.

மிச்சம் இருக்கிற சீடிகளை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தினது மாதிரி வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் படலம் அரிக்கத் தொடங்கிவிட்டது, அதை முதலில் கொப்பி எடுங்கள். வெள்ளவத்தையில் கடல்காற்று வேறு.

எத்தனை வருடம் என்ற கேள்விக்கு, பெட்டியில் 100 என்று போட்டிருப்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. ஆய்வுகூடத்தில் சூட்டிலும் ஈரத்திலும் சில கிழமை வேகவைத்துவிட்டு அதிலிருந்து பெருக்கி எடுக்கிற எண் அது. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2003இல் நூலகங்களுக்காக வெளியிட்ட கையேட்டில் 4 முதல் 20 பாகை செல்சியஸ், ஈரப்பதம் 20 முதல் 50 வீதம் என்று இருக்கிறது. கொழும்பில் வருடம் முழுக்க 27, 28 பாகை, ஈரப்பதம் 75க்கு மேல். குளிரூட்டி போட்ட அறைக்குள் வைத்தாலே ஒழிய அந்தக் கணக்குக்குள் நாம் வரவே மாட்டோம். நீங்கள் அலுமாரிக்கு மேலே வைத்திருந்தீர்கள், வீட்டில் மிகச் சூடான இடம் அதுதான். கீழ் லாச்சிக்கு மாற்றுங்கள், இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு, ஒவ்வொன்றும் அதன் பெட்டிக்குள், புத்தகம் மாதிரி நிமிர்த்தி. வெயில் படக்கூடாது, எழுதின தட்டில் இருப்பது சாயம், வெளுக்கத்தான் செய்யும். சீடியின் அடிப்பக்கம் கடும் நீலமாக இருந்தால் அது ஆஸோ சாயம், என் அனுபவத்தில் அவை நன்றாகவே தாக்குப்பிடித்திருக்கின்றன. திரும்பத் திரும்ப எழுதுகிற ஆர்டபிள்யூ வகையைக் காப்பகத்துக்குப் பாவிக்க வேண்டாம்.

பணம் செலவழிக்க விருப்பம் என்றால் எம்-டிஸ்க் என்று ஒன்று இருக்கிறது. சாயம் இல்லாத வகை, செய்தவர்கள் 1000 வருடம் என்கிறார்கள். அதன் டிவிடியை எழுத அதற்கு ஒத்துவருகிற ட்ரைவ் வேண்டும், வாசிக்கச் சாதாரண பிளேயர் போதும். புளூ-ரேயில் 25 ஜிபி கொள்ளும், ஆனால் அம்மாவின் பிளேயர் அதை வாசிக்காது. போதாததற்குச் சோனி 2025 பெப்ரவரியோடு எழுதக்கூடிய புளூ-ரே தயாரிப்பையே நிறுத்திவிட்டது.

ஒன்று கேட்கிறேன், குறை நினைக்க வேண்டாம். பழையதை இன்னும் ஹார்ட் டிஸ்கில் ஏற்றவில்லைதானே? புது டிவிடியில் எழுதுவது இரண்டாவது வேலை. முதலில் 34ஐயும் அப்படியே ஹார்ட் டிஸ்கில் கொப்பி எடுங்கள், விடியோவைத் திரும்பச் சுருக்க வேண்டாம், உள்ளே இருக்கிற விடியோ_டிஎஸ் கோப்புறையை முழுதாக. அதிலிருந்து இன்னொரு ஹார்ட் டிஸ்குக்கு ஒன்று, அது வேறு வீட்டில். டிவிடி அம்மா போட்டுப் பார்க்க, பழுதானால் இன்னொன்று எழுதிக்கொள்ளலாம். அப்படி வைத்துக்கொண்டால் எந்தத் தட்டு வாங்குவது என்ற தலையிடி பாதி குறைந்துவிடும்.

கொட்டாஞ்சேனை_எடிட்டர்:

பூனை அக்கா சொன்னதுக்கு மேல் நான் என்ன சொல்ல. சின்னத் தட்டு விஷயம்: அது கமராவுக்குள்ளேயே எழுதுகிற 8 சென்ரிமீட்டர் டிவிடி, 1.4 ஜிபி. படம் எடுத்து முடிந்ததும் "ஃபைனலைஸ்" பண்ண வேண்டும், பண்ணாவிட்டால் அந்தக் கமராவைத் தவிர வேறு எதிலும் வெறுமையாகத்தான் காட்டும். கமரா வீட்டில் இருக்கிறதா? இல்லாவிட்டால் ஐசோபஸ்டர் என்ற மென்பொருளில் போட்டுப் பாருங்கள். வாய் மாதிரி இழுத்து விழுங்குகிற ட்ரைவில் மட்டும் அதைப் போட வேண்டாம், உள்ளே சிக்கினால் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

கடலோரம்_06:

பத்து நாள் கழித்து வருகிறேன். தெஹிவளையில் சிநேகிதன் வீட்டில் பழைய டெஸ்க்டொப் ஒன்று கிடந்தது, அதன் ட்ரைவில் 9இல் 3 சும்மா சாதாரணமாகத் திறந்தது, நம்பவே முடியவில்லை. சின்னத் தட்டு இரண்டும் ஐசோபஸ்டரில் வந்துவிட்டது, அக்கா அந்தக் கோலத்தில் தன்னை யாருக்கும் காட்டக்கூடாது என்று இப்போதே உத்தரவு. இரண்டு எதிலும் அசையவில்லை. உரித்தது ஒன்று. ஒன்பதாவது அம்மம்மாவின் சீடி.

அதை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தேன், நடுவில் சுத்தம், வெளி ஓரத்தில் மட்டும் புள்ளி புள்ளியாக வெளிச்சம். 11 பாட்டில் முதல் 8 வந்தது, கடைசி 3 விக்கி விக்கி நிற்கிறது.

புறக்கோட்டைப் பெட்டியில் மிஞ்சினதையும் இம்ஜ்பேர்னில் பார்த்தேன். பெட்டியில் ஒரு பெயர், ஐடியில் நான் கேள்விப்பட்டே இராத இன்னொரு பெயர். பிறகு எடிட்டர் அண்ணா சொன்ன வகையில் பத்து வாங்கி 8எக்ஸில் எழுதினேன், பத்தும் வெரிஃபை ஆனது. அதே ட்ரைவ்தான்!

நூலகப்பூனை:

சீடி உள்ளிருந்து வெளியேதான் எழுதப்படும், அதனால் ஓரம் அரித்தால் போவது கடைசிப் பாட்டுகள். எக்ஸாக்ட் ஓடியோ கொப்பி என்ற இலவச மென்பொருளில் செக்யூர் முறையில் போட்டுவிட்டுப் படுக்கப் போங்கள், பிழைபட்ட இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்கும். தெஹிவளை ட்ரைவிலும் ஒருமுறை, உங்களுடையதிலும் ஒருமுறை. அதற்கு முதல் மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம்.

கடலோரம்_06:

9ஆவதும் 10ஆவதும் வந்துவிட்டது அக்கா, தெஹிவளை ட்ரைவில், விடிய 4 மணி வரை ஓடி. பத்தாவதில் ஓர் இடத்தில் டிக் என்று ஒரு சத்தம், அது மாமா மேசையில் எதையோ வைத்த சத்தம் என்று அம்மா சொல்கிறா. 11ஆவதை இன்னும் விடவில்லை.

நெட்மச்சான்:

டேய், அந்த யூஎஸ்பி ட்ரைவை ஒரு கிழமைக்கு இரவல் தருவாயா? எங்கள் வீட்டு லாச்சியிலும் அறுபது எழுபது கிடக்கு, எல்லாத்திலும் ஸ்டிக்கர்.