ஏற்காடு லைன் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் கிராஃபில் ஓட்டை

சேலம் ஆபீஸில் ப்ரோமிதியஸ் 2.53 (சர்வர்களின் அளவீடுகளைச் சேர்த்து வைக்கும் மென்பொருள்), அதைக் கிராஃபாக் காட்ட கிராஃபானா. உபுண்டு 22.04, 4 ஜிபி ராம், சுமார் 20,000 சீரிஸ் (தனித்தனி அளவீட்டு வரிசைகள்). ஏற்காட்டில் காட்டேஜ் புக்கிங் சர்வர். அதில் சர்வர் நிலையை அளந்து கொடுக்கும் நோட் எக்ஸ்போர்ட்டரும், ஏஜென்ட் மோடில் (சேகரிச்சு அனுப்ப மட்டும்) இன்னொரு ப்ரோமிதியஸும். இந்த ஏஜென்ட் அளவீடுகளை ரிமோட் ரைட்டில் (நெட் வழியா தள்ளிவிடும் முறை) சேலத்துக்கு அனுப்புது.

மழை பிடிச்சா மலையில் நெட் போயிடும். அரை மணி நேரம்னா கவலையில்லை, லைன் வந்ததும் விட்டுப்போனது தானா நிரம்பிடுது. ஒரு மணி நேரம் தாண்டினா அந்த இடம் காலி. சேலம் லாகில் ‘அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்’ (நேர வரம்புக்கு வெளியே). ஏஜென்ட்டுக்கு 400 (ஏத்துக்க மறுக்கும் பிழை எண்) திரும்ப வருது, உடனே அது அந்த சாம்பிள்களை (அளவீடுகளை) கொட்டிடுது. மத்த சர்வர்கள் புது டேட்டா கொடுத்துக்கிட்டே இருக்கிறதால பழசை ஏத்துக்கலைன்னு நினைக்கிறேன்.

செஞ்சு பார்த்தது: ஸ்க்ரேப் (அளவீடு எடுக்கும்) இடைவெளி 15 நொடியை 60 ஆக்கியாச்சு, மாற்றமில்லை. நேரத்தைச் சரிபண்ணும் க்ரோனி ரெண்டு பக்கமும் ஓடுது, கடிகாரம் சரி. ஏஜென்ட் ரிடென்ஷன் (டேட்டாவை வெச்சிருக்கும்) உச்ச நேரத்தை 4 மணியிலிருந்து 12 ஆக்கியாச்சு. டேட்டா அங்கே பத்திரமா இருக்கு, வாங்கிக்க மாட்டேங்கிறது சேலம்தான். நேரடியா இங்கிருந்து ஸ்க்ரேப் பண்ணினா ‘அப்’ 0 ஆகுது (சர்வர் எட்டலைன்னு அர்த்தம்), அவ்வளவே.

சேலம் பக்கம் அவுட் ஆஃப் ஆர்டர் டைம் விண்டோவை (பிந்தி வர்ற பழைய டேட்டாவை ஏத்துக்கும் கால அளவு) 6 மணி நேரம்னு வெச்சா இந்த 4 ஜிபி ராம் தாங்குமா?