வாயால் சொன்ன ‘ஸ்ட்ரெய்ட்’டை நம்பிச் சீட்டைக் கவிழ்த்துவிட்டேன்: போக்கர் ஷோடவுனில் (கடைசியில் சீட்டுகளைக் காட்டும் கட்டத்தில்) எனக்கு என்ன உரிமை இருந்தது?

பரணிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் அலுவலக வேலையாக லாஸ் வேகாஸ் சென்றிருந்தபோது, அங்குள்ள ஒரு கேசினோவில் இரண்டு இரவுகள் 1-3 டாலர் நோ-லிமிட் டெக்சஸ் ஹோல்டெம் போக்கர் மேசையில் ஆடினேன். அவரவர் கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து; இந்த ஏழில் சிறந்த ஐந்துதான் ஒருவரின் கை. நண்பர்களின் வீடுகளில் சில ஆண்டுகளாக ஆடிவருகிறேன் என்றாலும், டீலரும் மேற்பார்வையாளரும் உள்ள மேசையில் உட்கார்ந்தது இதுவே முதல் முறை. அங்கே நடந்த ஒன்று இன்னும் மனத்தை அரித்துக்கொண்டிருப்பதால் இங்கே கேட்கிறேன்.

என் கையில் ஒரு ராஜாவும் ஓர் ஒன்பதும் இருந்தன. மேசையில் விரித்த ஐந்து சீட்டுகள் இஸ்பேட் ஒன்பது, டைமன் எட்டு, ஆர்ட்டின் ராஜா, கிளாவர் இரண்டு, கடைசியாக ரிவரில், அதாவது ஐந்தாம் சீட்டாக, டைமன் ராணி. எதிரில் இருந்த பெரியவர் ரிவரில் 60 டாலர் பெட் (பந்தயம்) வைக்க, நானும் அதே தொகையை வைத்து கால் செய்தேன். பாட்டில், அதாவது வெல்பவருக்குப் போகும் மொத்தப் பந்தயப் பணத்தில், 210 டாலர் சேர்ந்தது. அவர் தம் சீட்டுகளைத் திருப்பாமலே, விரல்களை அவற்றின் மேல் வைத்தபடி, “ஸ்ட்ரெய்ட்” என்றார், அதாவது தொடர்வரிசையில் ஐந்து சீட்டுகள். ஜாக்கியும் பத்தும் வைத்திருக்கிறார் என்று எண்ணி, என் இரண்டு சீட்டுகளையும் கவிழ்த்த நிலையிலேயே முன்னால் தள்ளினேன். டீலர் அவற்றை எடுத்துக் கழித்த சீட்டுக் குவியலில் சேர்த்துவிட்டார். அதன் பிறகுதான் பெரியவர் தம் கையை விரித்தார்: ராணியும் பத்தும். என் பக்கத்தில் இருந்தவர் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “ஜாக்கி எங்கே?” என்று கேட்டார். எட்டு, ஒன்பது, பத்து, ராணி, ராஜா என்று வரிசை இருந்ததே தவிர, நடுவில் ஜாக்கி இல்லை. அவரிடம் இருந்தது வெறும் ராணி ஜோடி. என்னிடம் இருந்ததோ இரண்டு ஜோடி.

மேற்பார்வையாளரை அழைத்தார்கள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, என் கை செத்துவிட்டது, பாட் பெரியவருக்கே என்று தீர்ப்புச் சொன்னார். பெரியவரும் மெய்யாகவே குழம்பிப்போயிருந்தார். ஏமாற்றியவர் போலத் தெரியவில்லை. இருந்தாலும், தவறாகச் சொன்னவருக்குப் பணமும் நம்பியவருக்கு நஷ்டமும் என்பது எப்படி நியாயமாகும்?

இன்னொரு கேள்வியும் உண்டு. அதே இரவு, நான் முன்பே சீட்டை மடித்து விலகிவிட்ட ஓர் ஆட்டத்தின் முடிவில், தோற்றவர் கவிழ்த்துப்போட்ட சீட்டுகளைக் காட்டச் சொல்லி டீலரிடம் கேட்டேன். மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நான் செய்தது விதிமீறலா, அல்லது நாகரிகக் குறைவா?

சீட்டுப்பலகை எழுதியது:

வணக்கம், பரணிக்கரை. கலிஃபோர்னியாவில் ஆறு ஆண்டுகள் கார்டு ரூம் ஒன்றில் டீலராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தீர்ப்பு சரிதான். உங்கள் வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் உங்கள் கையைவிட்டுப் போனது பெரியவர் தவறாகச் சொன்ன நொடியில் அன்று, உங்கள் சீட்டுகள் குவியலில் கலந்த நொடியில்.

ஷோடவுனில் சீட்டுதான் பேசும். வாய்ப்பேச்சுக்கு அங்கே மதிப்பு இல்லை. ஒருவர் ஃபிளஷ் என்றாலும் ஸ்ட்ரெய்ட் என்றாலும் அது யாரையும் கட்டுப்படுத்தாது. பாப் சியாஃபோன் தொகுத்த ‘ராபர்ட்ஸ் ரூல்ஸ்’ என்ற விதித்தொகுப்பும், 2001-இல் தொடங்கப்பட்ட டூர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன் (டி.டி.ஏ.) வகுத்த விதிகளும் இதில் ஒரே குரலில்தான் பேசுகின்றன. எதிராளியைச் சிறந்த கையைக் கழிக்கவைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு ஒருவர் வேண்டுமென்றே பொய் சொன்னால் அது வேறு. அதை ராபர்ட்ஸ் ரூல்ஸ் நெறிகெட்ட செயல் என்கிறது, பாட்டையே அவர் இழக்கவும் நேரலாம் என்கிறது. ஆனால் உங்கள் பெரியவர் செய்தது அதுவன்று. எட்டு, ஒன்பது, பத்து, ராணி, ராஜா என்ற வரிசையை நள்ளிரவு தாண்டிய பிறகு பார்த்தால் கண் தானாகவே நடுவில் ஒரு ஜாக்கியை நிரப்பிக்கொள்ளும். நானே டீலர் இருக்கையில் இருந்து அப்படிப் படித்துவிட்டு, அடுத்த நொடியில் திருத்திக்கொண்ட இரவுகள் உண்டு. எனவேதான் கையைப் படிக்கும்போது, ஆட்டத்தில் சேரும் ஐந்து சீட்டுகளை விரலால் சற்று முன்னே தள்ளி, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். கவிழ்ந்து கிடக்கும் சீட்டை அப்படி எண்ண வழியே இல்லை.

இனி உங்கள் உரிமைக்கு வருவோம். ரிவரில் கடைசியாக பெட் வைத்தவரோ அதை உயர்த்தி ரெய்ஸ் செய்தவரோதான் முதலில் காட்ட வேண்டும். உங்கள் ஆட்டத்தில் அது பெரியவர். நீங்கள் செய்திருக்க வேண்டியதெல்லாம் இரண்டு சீட்டுகளின் மேலும் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பது மட்டுமே. டி.டி.ஏ. விதியின்படி, ரிவரில் பெட் இருந்தால், அதை கால் செய்தவர் தம் சீட்டுகளைக் கையில் வைத்திருக்கும் வரையிலோ விரித்துக் காட்டியிருக்கும் வரையிலோ, பெட் வைத்தவரின் கையைக் காட்டும்படி கேட்க அவருக்கு மறுக்க முடியாத உரிமை உண்டு. 60 டாலர் கொடுத்து வாங்கியதே அந்தக் காட்சியைத்தானே. சீட்டைக் கவிழ்த்துக் கழித்தவுடன் அந்த உரிமை போய்விடுகிறது.

ஒரு நுட்பத்தையும் கவனியுங்கள். சீட்டைக் கவிழ்த்து முன்னால் தள்ளிய உடனேயே கை செத்துவிடுவதில்லை. அந்த இரண்டு சீட்டுகளும் தனியாகக் கிடந்து, இவை இன்னாருடையவை என்று ஐயமின்றி அடையாளம் காண முடிகிற வரை, மனத்தை மாற்றிக்கொண்டு அவற்றை விரிக்க டி.டி.ஏ. விதி இடம் தருகிறது. டீலர் குவியலில் சேர்த்த பிறகுதான் முடிந்துபோகிறது. அதாவது உங்களுக்கு இரண்டு மூன்று நொடிகள் இருந்தன. பல கார்டு ரூம்கள் இதிலும் கடுமையான சொந்த விதி வைத்திருப்பதால், இதை நம்பி யாரும் சீட்டைத் தள்ள வேண்டாம்.

உங்கள் பக்கத்தில் இருந்தவர் “ஜாக்கி எங்கே?” என்று கேட்டதில் எந்தத் தவறும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆட்டம் நடக்கும்போது வாய் திறக்கக் கூடாதுதான். ஒரு கைக்கு ஓர் ஆட்டக்காரர் என்பதே விதி. ஆனால் விரித்த கையைப் படிப்பதிலோ பாட்டைத் தருவதிலோ பிழை நடப்பதாகத் தெரிந்தால், ஆட்டத்தில் இருப்பவர், இல்லாதவர் என்ற வேறுபாடின்றி எவரும் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். நீங்கள் உங்கள் இரண்டு சீட்டுகளையும் விரித்து வைத்திருந்தால், அவரோ டீலரோ உங்களைக் காப்பாற்றியிருப்பார்கள். விரித்து வைத்த, வெல்லும் கை என்று தெளிவாகத் தெரிகிற சீட்டுகளை டீலரால்கூடச் சாகடிக்க முடியாது.

மஞ்சள்வெயில் எழுதியது:

சீட்டுப்பலகை விதியை முழுமையாகச் சொல்லிவிட்டார். நான் நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் மாதம் ஒரு முறை நடக்கும் ஆட்டத்தை நடத்துபவள். அங்கே டீலர் கிடையாது என்பதால் எல்லாமே பழக்கத்தின் மேல்தான் நிற்கிறது. அந்தப் பழக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ரிவரில் எல்லாரும் பந்தயம் வைக்காமல் செக் செய்துவிட்டால், பட்டனுக்கு (அந்த ஆட்டத்தின் டீலர் இடத்தைக் குறிக்கும் வில்லைக்கு) இடப்பக்கம் இருந்து எண்ணும்போது ஆட்டத்தில் மீந்திருக்கும் முதல் ஆள் முதலில் காட்ட வேண்டும். விதி இவ்வளவு தெளிவாக இருந்தும், புதியவர்கள் இருக்கும் மேசையில் நடப்பது என்னவென்றால், இருவரும் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி “நீங்கள் காட்டுங்கள்” என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். தம்மிடம் இருப்பது வெல்லக்கூடிய கை என்று தெரிந்தவர் முறை பார்க்காமல் உடனே விரித்துவிடுவதுதான் பண்பு. தோற்கும் கையை வைத்திருப்பவர் அதைப் பார்த்துவிட்டு, விருப்பம்போல் கவிழ்த்துக் கழித்துவிடலாம்.

இதற்கு நேர் எதிரான வழக்கம்தான் ஸ்லோ ரோல் எனப்படுவது. வெல்லும் கை தம்மிடம் இருப்பது உறுதியாகத் தெரிந்தும், எதிராளி தான் வென்றுவிட்டதாக நம்பும்படி விட்டுவிட்டு, நிதானமாக ஒவ்வொரு சீட்டாகத் திருப்புவது. இதில் எந்த விதியும் மீறப்படாமல்கூட இருக்கலாம், ஆனாலும் மேசையில் ஒருவரை இதைவிட அதிகமாகப் புண்படுத்தும் செயலை நான் பார்த்ததில்லை. ஒரு முறை எங்கள் வீட்டில் ஒரு தம்பி பாட்டைத் தன் பக்கம் இழுக்கக் கையை நீட்டி, காசு விரலில் படும் தருணத்தில், எதிரில் இருந்தவர் ஃபுல் ஹவுஸை மெல்லத் திருப்பினார். அந்தத் தம்பி ஒன்றும் பேசாமல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு ஆட வரவே இல்லை. அன்றிலிருந்து அழைப்பு அனுப்பும்போதே இதைத் தனி வரியாக எழுதிவிடுகிறேன்.

இன்னொன்று: பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் சீட்டைச் சாய்த்துக் காட்டிவிட்டுக் கவிழ்ப்பவர்கள் உண்டு. ஒருவருக்குக் காட்டினால் எல்லாருக்கும் காட்ட வேண்டும். சிரித்துக்கொண்டே கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

வடமூலை எழுதியது:

பரணிக்கரையின் இரண்டாவது கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை. தோற்றவரின் கவிழ்ந்த சீட்டைக் காட்டச் சொல்லும் உரிமை, இரண்டு பேர் ரகசியமாகக் கூட்டுச் சேர்ந்து மற்றவர்களைச் சுரண்டுவதைக் கண்டுபிடிப்பதற்காக ஏற்பட்டது. ஒன்றுமே இல்லாத கையை வைத்துக்கொண்டு ஒருவர் திரும்பத் திரும்ப ரெய்ஸ் செய்து, நடுவில் மாட்டியவரை நெருக்கிவிட்டு, கடைசியில் சத்தமில்லாமல் கவிழ்த்துவிட்டால், அந்தச் சீட்டைப் பார்த்தால்தான் உண்மை வெளியே வரும். ராபர்ட்ஸ் ரூல்ஸின்படி, அந்த ஆட்டத்தில் சீட்டு வாங்கிய எவரும், தாம் மடித்திருந்தாலும், ஷோடவுன் வரை வந்த கையைப் பார்க்கக் கேட்கலாம். தவறாகப் பயன்படுத்தினால் அந்தச் சலுகை பறிக்கப்படும். டி.டி.ஏ. விதியிலோ, சீட்டைக் கையில் வைத்திராதவருக்கு அந்த உரிமையே இல்லை. எனவே நீங்கள் மீறினீர்களா என்பது அந்தக் கார்டு ரூம் பின்பற்றும் விதியைப் பொறுத்தது. ஆனால் மேசை உங்களை அப்படிப் பார்த்ததன் காரணம் வேறு. எவ்விதச் சந்தேகமும் இல்லாதபோது அப்படிக் கேட்பது, “நீ கள்ளாட்டம் ஆடுகிறாய்” என்று தோற்றவரின் முகத்துக்கு நேரே சொல்வதாகவே கருதப்படும். அவர் எப்படி ஆடுகிறார் என்று தெரிந்துகொள்ளும் ஆர்வத்தில் கேட்டிருந்தால், அந்த ஆர்வத்தை அடக்கிக்கொள்வதே முறை.

வென்றவரே தோற்றவரின் சீட்டைக் காட்டச் சொன்னால் அதில் ஆபத்தும் இருக்கிறது. ராபர்ட்ஸ் ரூல்ஸில் அப்போது இரண்டு கைகளும் உயிரோடு இருப்பதாகவே கொள்வார்கள். தோற்றவர் தம் கையைத் தவறாகப் படித்துக் கழித்திருந்தால், கேட்டவர் கையில் இருந்த பாட் அவரிடம் போய்விடும்.

டூர்னமென்டில் ஒருவர் ஆல்-இன் சென்று, அதாவது தம் சிப்புகள் அனைத்தையும் பந்தயமாக வைத்து, மற்றவர்களின் பெட்டும் முடிந்துவிட்டால், எல்லாருடைய சீட்டுகளையும் உடனே விரித்தாக வேண்டும். நண்பருக்கு வேண்டுமென்றே சிப்புகளைத் தோற்றுக்கொடுப்பதைத் தடுக்க இது உதவுகிறது. நீங்கள் ஆடியது போன்ற பண ஆட்டத்தில் பெரும்பாலும் அந்தக் கட்டாயம் இல்லை.

பரணிக்கரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. இரண்டு மூன்று நொடிகள் இருந்தன என்று படித்தபோது மனம் இன்னும் கொஞ்சம் வலித்தது, ஆனால் தீர்ப்பின் மேல் இருந்த கோபம் போய்விட்டது. சீட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டது வெறும் ஆர்வத்தினால்தான். அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லையே என்றுதான் இப்போது வருந்துகிறேன்.

கடைசியாக ஓர் ஐயம். மேசையில் விரித்த ஐந்து சீட்டுகளே ஒரு ஸ்ட்ரெய்ட்டாக அமைந்து, என் இரண்டு சீட்டுகளும் எதற்கும் உதவவில்லை என்றால், “மேசைக் கைதான்” என்று சொல்லிவிட்டு என் சீட்டுகளைக் கவிழ்த்துக் கழித்துவிடலாம் அல்லவா? பாட் எப்படியும் பங்கிடப்படத்தானே வேண்டும்?

சீட்டுப்பலகை எழுதியது:

கழித்துவிடாதீர்கள். சீட்டைக் கழிக்கும் முன் வாயால் அறிவித்தால் போதும் என்று ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஹோல்டெம் ஆட்டத்துக்குச் சொல்கிறது, டி.டி.ஏ. விதியிலோ, பங்கு வேண்டுமானால் கையில் உள்ள இரண்டு சீட்டுகளையும் விரித்தே ஆக வேண்டும். எந்த மேசையில் எந்த விதி என்று நள்ளிரவில் நினைவுபடுத்திக்கொண்டிருப்பதைவிட, இரண்டையும் விரித்து வைத்துவிட்டு, டீலர் சிப்புகளை உங்கள் பக்கம் தள்ளும் வரை அவற்றின் மேலிருந்து கையை எடுக்காமல் இருங்கள்.