துடுப்பு மாஸ்டரோடு உங்கள் அனுபவம்: எழுதுங்கள்

கழனிவாசல் அப்பா:
காரைக்குடியில் பிள்ளைகளை விளையாட்டுக்கு அனுப்புகிறவர்களுக்கு மாஸ்டரைத் தெரிந்திருக்கும். அடையாற்றில் லைட்வெயிட் (எடை வரம்பு உள்ள பிரிவு) துடுப்புப் படகு ஓட்டியவர், இப்போது சென்னையில் ஸ்கூல் கோச். மே லீவுக்கு ஊருக்கு வந்தால் நம் பிள்ளைகளையும் எர்கோ மெஷினில் (கரையிலேயே துடுப்புப் போட்டுப் பழகும் மெஷின்) உட்கார வைப்பார்.

72.5 கிலோவைத் தாண்டினால் லைட்வெயிட்டில் இடமில்லை என்று என் மகன் எங்கேயோ படித்திருக்கிறான். எங்களிடம் சொல்லாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல், அந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடிவிட்டு நேராக 2000 மீட்டருக்கு உட்கார்ந்துவிட்டான். 1500 தாண்டியதும் பிடி விட்டுப் போச்சு. கைப்பிடி சங்கிலியோடு பறந்துபோய் மெஷினில் மோதியது. மாஸ்டர் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, சுருண்டு இறுகிப்போன அவன் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். உப்புப் போட்ட மோர் கொடுக்கச் சொன்னார். அவர் கையும் நடுங்கியது. ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கானாடுகாத்தான் மகள்:
அண்ணே, எங்கள் அப்பச்சியின் சாந்தி விழாவுக்கு மாஸ்டர் வந்திருந்தார். இலையில் கவுனி அரிசி வைத்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த அவர் வீட்டம்மா, “சாப்பிடுங்க, இனிமே யாரு உங்களை நிறுக்கப் போறா?” என்றார்கள். அப்புறம்தான் சாப்பிட்டார்.

இரட்டையர் படகில் ஒருவர் 72.5-ஐத் தாண்டக் கூடாது என்பது மட்டுமில்லையாம், இருவர் சராசரியும் 70-க்குள் இருக்க வேண்டுமாம். ஜோடிக்காரர் 71 இருந்தால் இவர் 69-க்கு இறங்கியாக வேண்டும். இவர் ஜோடி நல்ல உயரம், அதனால் குறைத்தது எப்போதும் இவர்தான். ரேஸுக்கு ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் முன்னால் எடை பார்ப்பார்களாம், அதுவரை நாக்கு நனையாமல் இருந்த நாட்கள் உண்டு என்று அன்று சொன்னார். உங்கள் கேள்விக்கு இதில் பதில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தேவகோட்டைக்காரன்:
நான் அவரை ஒருமுறைதான் பார்த்தேன், அடையாறு கரையில். நீளப் படகைத் தோளில் வைத்து இறக்கும் பிள்ளைகளில் குட்டையான பையன் பக்கம் படகு சாய, ஓடிப்போய் அங்கே தன் தோளைக் கொடுத்தார். அவ்வளவுதான்.

ஆனால் கழனிவாசல் அண்ணன் பையனுக்குச் சொல்லியே ஆக வேண்டும். பள்ளி வயதில் எடை குறைக்கவே தேவையில்லை. உலக ஜூனியர் போட்டியில் லைட்வெயிட் பிரிவே கிடையாது. பெரியவர்களுக்கும் ஒலிம்பிக்கில் கதை முடிந்தது. 1996 அட்லாண்டாவில் நுழைந்தது, 2024 பாரிஸோடு போய்விட்டது. டோக்கியோவில் நம் அர்ஜுன் லால் ஜாட்டும் அரவிந்த் சிங்கும் 11-ஆவது வந்ததும், அப்புறம் ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெள்ளி வாங்கியதும் லைட்வெயிட் இரட்டையரில்தான். அந்தப் பிரிவுக்கு லாஸ் ஏஞ்சலிஸில் இடமில்லை. 2028-இல் அதற்குப் பதில் பீச் ஸ்பிரிண்ட்: மணலில் ஓடி, படகில் ஏறி, மிதவைகளைச் சுற்றித் திரும்பி, மறுபடி கரையில் குதித்து ஓட வேண்டும். எனவே பையன் நன்றாகச் சாப்பிடட்டும், காலுக்கும் முதுகுக்கும் வலு ஏற்றட்டும், நீச்சல் கட்டாயம் கற்கட்டும். கண்மாயில் பழகலாமே என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். நம் கண்மாயில் மழை பெய்தால்தான் தண்ணீர், அதுவும் நேர்கோட்டில் 2000 மீட்டர் கிடைப்பது அபூர்வம். தொண்டிப் பக்கம் கடல் இருக்கிறது, அங்கே கூட்டிப் போங்கள்.

பள்ளத்தூர் மாணவி:
தேவகோட்டை அண்ணா, கதை முடிந்தது என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். நான் மாஸ்டரிடம் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் பழகியவள். பாரிஸ் கடைசி லைட்வெயிட் ஃபைனல்களை அவர் போனில் எங்களோடுதான் பார்த்தார். ஜெயித்தது ஆண்களில் அயர்லாந்து, பெண்களில் பிரிட்டனின் எமிலி கிரெய்கும் இமோஜன் கிராண்டும். அந்த இருவரும் கோட்டைத் தாண்டியதும் எழுந்துவிட்டார். “பார்த்தியா, கடைசி 500-லயும் துடுப்பு தண்ணிக்குள்ள சுத்தமா இறங்குது” என்று அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினார். நாங்கள் அழுவார் என்று நினைத்திருந்தோம், அவர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் பழகியவர்கள் யாரும் மெலிவதற்காகப் பட்டினி கிடந்ததில்லை. ஹாஸ்டல் மெஸ்ஸில் இட்லி குறைத்துச் சாப்பிட்டால் தட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். எடை மெஷினை அலமாரியில் பூட்டி வைத்திருப்பார், சாவி அவரிடம்தான் இருக்கும்.

அப்புறம் தொண்டி யோசனை: கடலில் அலை தெரிந்த ஆள் கூட இல்லாமல் பிள்ளையை இறக்காதீர்கள். கழனிவாசல் அப்பா, மாஸ்டர் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார், தம்பியை நேரில் கூட்டிப் போங்கள். கை நடுங்கியதைப் பற்றியும் கேளுங்கள், கேட்டால் சொல்லக் கூடியவர்தான்.