மீட்டர் போர்டை நானே கழற்றலாமா? பாதி விளக்கு எரியவில்லை

இரவுவண்டி:
என் கார் பழசு. பல்பு வைத்த மீட்டர், ஸ்பீடோமீட்டருக்குக் கேபிள், ஏர்பேக் கிடையாது. கொஞ்ச நாளாக ராத்திரியில் மீட்டரின் இடது பக்கம் இருட்டு. பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் தெரிவதில்லை, ஸ்பீடு மட்டும் தெரிகிறது. ஃபியூஸ் நன்றாக இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியும், வயரிங் அவ்வளவாகத் தெரியாது. டேஷ்போர்டு முழுவதையும் பிரிக்க வேண்டியிருக்குமா? பல்பு மாற்றும்போது எல்லாவற்றையும் எல்இடியாகவே போட்டுவிடலாம் என்றும் ஒரு எண்ணம்.

சுருள்கம்பி:
முழுசாகப் பிரிக்க வேண்டாம். மீட்டரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம் வந்தால் போதும். பாதி எரிகிறது என்பதால் ஃபியூஸைச் சந்தேகப்படவே வேண்டியதில்லை. ஒன்று பல்பு போயிருக்கும், இல்லையென்றால் ஹோல்டர் காண்டாக்ட் கறுத்திருக்கும்.

முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். ஸ்டீயரிங்கை இறக்க முடிந்தால் கீழே இறக்கி, ஸ்டீயரிங் தண்டை மூடியிருக்கும் உறையின் மேல் பழைய துணி ஒன்றைப் போட்டுவிடுங்கள், கீறல் விழாது. சட்டத்தின் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் மேல் விளிம்பின் உள்பக்கம் கீழ்நோக்கி இருக்கும். நேராக உட்கார்ந்து பார்த்தால் தெரியாது, குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அவற்றை எடுத்தபின் மீதி கிளிப்தான். நெம்புவதற்கு இரும்பு வேண்டாம், பிளாஸ்டிக் பட்டை எதையாவது பயன்படுத்துங்கள். ஒரு மூலை மட்டும் பிடிவாதம் பிடித்தால் இழுக்காதீர்கள், அங்கே கண்ணில் படாத ஸ்க்ரூ ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். சட்டத்திலேயே ஸ்விட்ச் இருந்தால் அதன் வயரையும் பிரிக்க வேண்டும்.

அடுத்து மீட்டரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள். நீளமும் குட்டையும் கலந்திருக்கும், எது எங்கிருந்து வந்தது என்று தனித்தனியாக வையுங்கள். நீளமானதைக் குட்டை ஓட்டையில் ஏற்றினால் உள்ளே எதையாவது குத்தும்.

இனிமேல்தான் பொறுமை வேண்டும். மீட்டர் ஸ்க்ரூ கழன்றதும் முன்னால் வரும், ஆனால் கேபிள் விடாது. பலர் இங்கேதான் பலத்தைக் காட்டுகிறார்கள். பானெட்டைத் திறந்து, எஞ்சின் பக்கத்திலிருந்து கேபிள் உள்ளே நுழையும் ரப்பர் அருகே அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிடுங்கள். அப்படியும் போதவில்லை என்றால் கியர்பாக்ஸ் முனையைக் கழற்றிக்கொள்ளுங்கள். மீட்டருக்குப் பின்னால் கை நுழையும் அளவு இடம் கிடைத்துவிடும். கேபிள் முனையில் கிளிப் இருந்தால் அமுக்கி இழுங்கள், திருகு மரை என்றால் சுற்றிக் கழற்றுங்கள். வயர் கனெக்டர்களை உடம்பைப் பிடித்து, லாக்கை அமுக்கி எடுக்க வேண்டும், வயரைப் பிடித்து அல்ல. கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் ஹோல்டரைக் கால் சுற்று திருப்பினால் பல்போடு வெளியே வரும். பல்பைப் பார்த்து அதே வாட்டில் வாங்குங்கள். ஒன்று போயிருந்தாலும் வெளிச்சம் தரும் பல்புகள் அத்தனையையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கண்ணாடி கறுத்தவை அடுத்து போகக் காத்திருப்பவை. ஒரு சின்ன பல்புக்காக இந்த வேலையை இன்னொரு முறை செய்ய யாருக்குப் பிடிக்கும்?

எல்இடி பற்றி: பேட்டரி படம் போட்ட சார்ஜ் லைட்டில் மட்டும் போடவே போடாதீர்கள். பழைய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர், அதாவது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர், விழித்துக்கொள்ளத் தேவையான முதல் கரண்ட் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. எல்இடி விடும் கரண்ட் அதற்குப் பற்றாது. மீட்டர் பார்க்கப் பளிச்சென்று இருக்கும், பேட்டரி சார்ஜ் ஆகாமல் இறங்கிக்கொண்டிருக்கும். மற்ற இடங்களில் போட்டாலும் டிம்மர் சரியாக வேலை செய்யாமல் போகலாம். பச்சை, நீலப் பில்டர் வைத்த மீட்டரில் நிறமும் கெடும். என்னைக் கேட்டால் பழைய பல்பே போதும்.

மில்லிஆம்ப்:
மேலே சொன்னது எல்லாம் சரி. ஒன்று சேர்க்கிறேன். மீட்டரை வெளியே எடுத்தபின் முகம் குப்புறக் கவிழ்த்து வைக்காதீர்கள். சில மீட்டர்களில் முள் ஆடாமல் இருக்கச் சிலிக்கான் எண்ணெய் இருக்கும், அது கசிந்து டயலில் கறையாகும். முள்ளைக் கையால் தொட்டுத் திருப்புவதும் வேண்டாம். முன் கண்ணாடி உண்மையில் பிளாஸ்டிக், மெல்லிய ஈரத்துணி போதும். ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவம் பட்டால் மங்கிவிடும்.

நாலாம்கியர்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது டிஜிட்டல் ஓடோமீட்டர் உள்ள வண்டி. பழைய வண்டியிலிருந்து எடுத்த மீட்டரை அப்படியே மாற்றிப் பொருத்தலாமா?

சுருள்கம்பி:
கனெக்டர் பொருந்தும், வண்டி ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு. ஓடிய கிலோமீட்டர் கணக்கு பல மாடல்களில் மீட்டருக்குள்ளேயே மெமரியில் இருக்கும், வேறு மீட்டர் வைத்தால் வேறு வண்டியின் கணக்கு காட்டும். சிலவற்றில் இம்மொபிலைசரும் (சரியான சாவி இல்லாமல் ஸ்டார்ட் ஆக விடாத திருட்டுத் தடுப்பு) அதனுள்தான், வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. அந்த மாடலின் எலக்ட்ரானிக்ஸோடு இணைக்கும் ஸ்கேனர் கருவி வைத்திருப்பவரிடம் பேசாமல் வாங்காதீர்கள். உங்கள் வண்டியில் ஏர்பேக் இருந்தால், நெகட்டிவைக் கழற்றியபின் சர்வீஸ் மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்துதான் கை வைக்க வேண்டும். மீட்டர் வெளியே இருக்கும்போது சாவியைத் திருப்பவும் கூடாது, தேவையில்லாத எரர் கோடு ஏறிக்கொள்ளும்.

இரவுவண்டி:
எடுத்துவிட்டேன். இடது பக்க பல்புகளில் ஒன்று கறுத்துப் போயிருந்தது. பக்கத்துப் பல்பை மல்டிமீட்டரில் பார்த்தால் நல்லது, ஆனால் ஹோல்டர் உட்காரும் செம்புத்தகடு கறுத்திருக்கிறது. பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்ததும் பளபளப்பு வந்தது. எல்லாம் பழைய வகை பல்பாகவே போட்டேன். இப்போது முழு மீட்டரும் தெரிகிறது. ஆனால் மெதுவாகப் போகும்போது ஸ்பீடு முள் நடுங்குகிறது. முன்பு இப்படி இல்லை.

சுருள்கம்பி:
கேபிள் முழுசாக உட்காரவில்லை, அல்லது உள்ளே தள்ளியது திரும்ப இழுக்கப்படாமல் மீட்டருக்குப் பின்னால் கூர்மையாக வளைந்து கிடக்கிறது. முதலில் பானெட் பக்கத்திலிருந்து கேபிளைப் பழைய இடத்துக்கு இழுத்துப் பாருங்கள், மீட்டரைத் திரும்பக் கழற்றாமலே சரியாகிவிட வாய்ப்பு உண்டு. இல்லையென்றால் சட்டத்தை எடுத்து, முனை கிளிக் என்று விழும்வரை அழுத்துங்கள். அப்புறமும் நடுங்கினால் உள்கம்பி காய்ந்திருக்கிறது. உருவித் துடைத்து மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள், மீட்டர் பக்க முனையைக் கொஞ்ச நீளத்துக்கு விட்டுவிடுங்கள். அங்கேயும் தடவினால் கிரீஸ் மேலேறி ஸ்பீடோமீட்டருக்குள் போய்விடும்.