புதுப்பிப்பு: மைல்ஸ் டேவிஸுக்கு அப்புறம்

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் கேட்டு முடித்துவிட்டேன், ஜாஸில் அடுத்து எதைக் கேட்கலாம் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் பியானோ கலைஞர் டேவ் ப்ரூபெக்கின் 'டைம் அவுட்' ஆல்பம். அதில் பால் டெஸ்மண்ட் எழுதிய 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கையில் போகிறது. நம் கர்நாடக இசையின் கண்டசாபு தாளமும் ஐந்துதான், பிரிப்பு மட்டும் வேறு: அங்கே மூன்று, இரண்டு, இங்கே இரண்டு, மூன்று. டிரம்ஸ் தனியாக விளையாடும்போது பியானோவை மட்டும் கவனியுங்கள், விடாமல் தாளத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ உம்' ஆல்பம். முந்தைய இரண்டு ஆல்பங்களைப் போல இதுவும் 1959தான், என்ன வருடமோ அது! அந்த மார்ச்சில் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் இறந்துபோனார். அவருக்காக மிங்கஸ் எழுதியதுதான் 'குட்பை போர்க் பை ஹேட்'. வியாசர்பாடியில் சாவு வீட்டில் விடிய விடிய கானா கேட்டு வளர்ந்தவன் நான். போனவரைப் பாட்டாலேயே வழியனுப்புவது எனக்குப் புதிதில்லை. இங்கே வார்த்தையே இல்லை, சாக்ஸபோன் மட்டும்தான். ஆனாலும் அதே கனம். பெரம்பூர், ராயபுரம் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் கேளுங்கள், உங்களுக்கு உடனே புரியும்.

அடுத்து சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' ஆல்பம் கேட்கப் போகிறேன். நான்கு பகுதிகளையும் ஒரே மூச்சில் கேட்க வேண்டும் என்பதால் ராத்திரிக்கு ஒதுக்கிவிட்டேன்.