பழைய செமி ஆட்டோமேட்டிக் மெஷின்: வாஷ் மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை

1990-களில் அப்பா வாங்கிய இரட்டைத் தொட்டி மெஷின், வேளச்சேரி வீட்டில் இருக்கிறது. போன வாரத்திலிருந்து துவைக்கிற பக்கத்து மோட்டார் முனகுவதோடு சரி, புல்லியைக் கையால் தள்ளிவிட்டால் மட்டும் தள்ளிய பக்கமாக ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் சூடேறி வார்னிஷ் கருகுகிற வாடை வேறு. பிழிகிற பக்கம் ஜோராக ஓடுகிறது.

பெல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன், அதே கதைதான். ரிச்சி தெருவில் 10 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் கெப்பாசிட்டர் புதிதாக வாங்கிப் போட்டும் மாற்றமில்லை. டைமரை விலக்கிவிட்டு நேரடியாகக் கரன்ட் கொடுத்தும் பார்த்தாயிற்று. அப்புறம் மல்டிமீட்டர் வைத்தால், பொது ஒயரிலிருந்து மோட்டாருக்குள் இருக்கிற ஒரு கம்பிச்சுருள் (காயில்) 31 ஓம், இன்னொன்று 18 காட்டுகிறது. இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டுமே. மெக்கானிக் மெஷினையே எடைக்குப் போடச் சொல்கிறார், அவருக்கென்ன.

இந்த மோட்டாரை ரீவைண்டிங் செய்தால், அதாவது கம்பிச்சுருளைப் புதிதாகச் சுற்றினால், தாங்குமா, இல்லை இப்போது கடையில் கிடைக்கிற புது மோட்டாரையே வாங்கி மாட்டிவிடலாமா?